வெள்ளிக்கிழமை மழை

எங்கள் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே தகரம், ஒரே இளமஞ்சள் வர்ணம். மண்சரிவுக்குப் பிறகு கட்டிக் கொடுத்தவர்கள் வாளியைக்கூட எல்லோருக்கும் ஒரே நிறத்தில் கொடுத்தார்கள். நீலம்.

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் இருந்த காலத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கோயிலில் முதல் திருநீறு யாருக்கு, கல்யாணப் பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதெல்லாம் எங்கள் பாட்டன் காலத்திலேயே முடிவாகியிருந்தது. மலை சரிந்து வந்தபோது அது இதையெல்லாம் விசாரிக்கவில்லை. பதினொரு பேரைக் கொண்டுபோனது. மிச்சமிருந்தவர்கள் புதுக் குடியிருப்புக்கு வந்து இறங்கியபோது, முதல் ஒரு மாதம் எல்லோரும் சமமாக இருந்தோம். அது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் மாதமே மேல்வரிசை, கீழ்வரிசை என்று பேச்சு வந்துவிட்டது. மேல்வரிசைக்காரர்களுக்கு வெயில் பத்து நிமிடம் முந்தி வருகிறது; அதில் அவர்களுக்குப் பெருமை. கீழ்வரிசைக்குக் குழாய்த் தண்ணீர் வேகமாக வருகிறது, அதில் இவர்களுக்கு. தோட்டத்து லொறி ஓட்டும் விஜேந்திரன் தன் நீல வாளியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பூ வரைந்தான். மறுவாரம் ஒன்பது வாளிகளில் பூ இருந்தது. உடனே அவன் தன் வாளியில் மயில் வரைந்தான். அது கோழி மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம்.

நான் இதையெல்லாம் தூர நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி அற்பங்கள் எனக்குத் தேவைப்படவில்லை. என்னிடம் மழைமானி இருந்தது.

மண்சரிவு அபாயம் உள்ள இடங்களுக்கெல்லாம் அப்போது மழைமானி கொடுத்தார்கள். கோயில் முன்னால் இருந்த வெட்டவெளியில், இடுப்பளவு உயரத் தூணில், வாய் அகன்ற ஒரு கண்ணாடிக் குழாய். உடம்பு முழுக்க அளவுக் கோடுகள். காலை எட்டரைக்குப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பதுளை அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எழுபத்தைந்து என்றால் கவனம். நூறு என்றால் மூட்டையைக் கட்டு. நூற்றைம்பது என்றால் ஓடு. ஓடச் சொல்வதற்குக் கையால் சுற்றுகிற சங்கு ஒன்றும் கொடுத்திருந்தார்கள்.

அதை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். இருபத்தாறு வருடம் கொழுந்து நிறுத்தவன் நான். தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண். தினமும் பேப்பர் படிப்பவன். 'தராசு மாமா' என்றுதான் பெயர். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மண்சரிவு நடந்த அன்று காலை நான் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்ததைக் கண்டுபிடித்து, மேலே ரோட்டுக்கு ஏறிப்போய்த் தகவல் சொல்லப் பார்த்தவன். அப்படித்தான் முகாமில் விசாரித்தவர்களிடம் நான் சொல்லியிருந்தேன்.

அது பொய். உண்மையில் எதற்காக மேலே போனேன் என்பது என்னைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது: என் மைத்துனர் அழகருக்கு. என் மனைவி செவனம்மாவின் அண்ணன். அன்றைக்கு அவரும் என்னோடு ரோட்டில்தான் நின்றார். நான் வெடிப்புக் கதையைச் சொன்னபோது முகாமில் என் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்து அவரை விசாரித்தார்கள். "எனக்கு மொத நாளே தெரியும்ங்க. முழங்கால் கொடஞ்சிச்சு. மல எறங்கப் போகுதுன்னா எனக்கு முழங்கால் சொல்லிரும்" என்றார். நானும் ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் அறிவாளி, அவர் ஞானி. ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம்.

மழைமானியை மற்றவர்கள் கையில் கொடுத்திருந்தால் பல் விளக்கிக்கொண்டே பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. தூணைச் சுற்றி மூங்கில் வேலி கட்டினேன். 'செருப்பைக் கழற்றவும்' என்று பலகை எழுதி வைத்தேன். செருப்புக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று விஜேந்திரன் கேட்டான். "தூசி" என்றேன். குளிக்காமல் யாரும் கிட்டே வரக் கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு என்ன காரணம் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

தினமும் எட்டரைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். கோடு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதால் முழங்காலை மடித்துக் குனிவேன். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க இரண்டு கைகளையும் குழாயின் இருபுறமும் சேர்த்து வைப்பேன். மூச்சை அடக்கிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருப்பேன். அவ்வளவு நேரம் தேவையில்லைதான். ஆனால் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தண்ணீரை மெல்ல மண்ணில் சாய்த்துவிட்டு, குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, பதுளைக்குப் போன் எடுப்பேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவேன்.

மறுமுனையில் ஷிஹானா மிஸ். பதுளை டவுனில் புடைவைக் கடை வைத்திருப்பவரின் மகள். பொறுமையான பிள்ளை.

"இண்டைக்கு எத்தினை ஐயா?"

"பூஜ்யம், மிஸ்."

"சரி ஐயா."

"சுத்தமான பூஜ்யம்."

"விளங்குது ஐயா."

அழகர் தன் வாசலில் முழங்காலை நீவிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். "பூஜ்யத்தச் சொல்றதுக்கு வெள்ளச் சட்ட வேற, மாப்ள" என்பார். "எனக்குச் சட்டையே தேவயில்ல. சாரத்தத் தூக்குனா வானிலை."

அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில்தான் நான் என் கண்டுபிடிப்பைச் செய்தேன். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது: வெள்ளிக்கிழமைகளில் மழை கூடுதலாகப் பெய்கிறது. மற்ற நாட்களில் பூஜ்யமாக இருந்தாலும் வெள்ளியன்று பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை. ஏழு வாரம்.

மழை பெய்த சத்தம் யாருக்கும் கேட்டிருக்கவில்லை. அதனால்தான் எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. சத்தம் கேட்டிருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்குமே.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் குழாய்க்குள் ஒரு துளசி இலை கிடக்கும். எங்கள் குடியிருப்பில் துளசி இருப்பது பெரியாயி வீட்டு வாசலில் மட்டும்தான். பெரியாயி கொழுந்து பறிப்பவள், மலை கொண்டுபோன பதினொரு பேரில் ஒருவரின் மனைவி. அவள் வீடு மழைமானிக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது என்று முடிவு செய்து, அதற்குத் தனிப் பத்தி போட்டு 'காற்று: கிழக்கு' என்று எழுதினேன். இலை ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்த மாதிரிச் சுத்தமாக இருந்ததையும் கவனித்தேன். கிழக்குக் காற்று சுத்தமானது என்று எழுதினேன்.

இதை நான்கு பக்கத்தில் 'வெள்ளிக்கிழமை மழைக் கொள்கை' என்று தலைப்பிட்டுப் பதுளைக்குத் தபாலில் அனுப்பினேன். கடிதம் கிடைத்ததும் ஷிஹானா மிஸ் போனில் கேட்டாள்.

"ஐயா, வெள்ளிக்கிழமை எண்டு மழைக்குத் தெரியுமா?"

"அதத்தான் மிஸ் நீங்க ஆராயணும்."

"பக்கத்து டிவிஷன்ல இந்த மாதிரி ஒண்டும் இல்லையே ஐயா."

"அவங்களுக்குப் பாக்கத் தெரியாது, மிஸ்" என்றேன்.

இதைச் சொன்ன பிறகு அன்று முழுக்க எனக்கு நடை மாறியிருந்தது. கடைக்குப் போய்ச் சீனி வாங்கும்போதுகூட, இந்த மனிதர்களுக்கு வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரக்கம் மிகவும் சுகமாக இருந்தது. வெறுப்பில்கூட அவ்வளவு சுகம் கிடையாது.

எட்டாவது வெள்ளிக்கிழமை ஐப்பசியில் வந்தது. முதல் நாள் மாலை இடி இடித்தது. இரவில் கொஞ்சம் தூறியது. காலை எட்டரைக்குக் குனிந்து கைகளைச் சேர்த்துப் பார்த்தேன். நூற்று ஐம்பத்து மூன்று.

குழாய் கழுத்துவரை நிறைந்திருந்தது. துளசி மூன்று இலை மிதந்தது. கிழக்குக் காற்று பலம் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது.

பதுளை எண்ணை இரண்டு முறை பிழையாக அழுத்தினேன். பயம் என்று மட்டும் சொன்னால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். பயம் இருந்தது, அடுக்களையில் குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்த செவனம்மாவின் முதுகு கண்முன் வந்து போனது. அதோடு கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தது.

"ஐயா, எத்தினை எண்டீங்க?"

"நூற்று ஐம்பத்து மூணு."

"பதினைஞ்சு புள்ளி மூணா?"

"மிஸ், புள்ளி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"பக்கத்து டிவிஷன்ல மூணு தானே தந்தாங்க. ஐயா, கொஞ்சம் பொறுங்க, நான் வந்து..."

நான் பொறுக்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சங்கைச் சுற்ற ஆரம்பித்தேன்.

ஜனங்கள் வெளியே வந்து முதலில் வானத்தைப் பார்த்தார்கள். நீலமாக இருந்தது. பிறகு தரையைப் பார்த்தார்கள். முதல் நாள் வாசலில் போட்ட கோலம்கூட முழுதாகக் கலையவில்லை.

"தராசு மாமா, ராத்திரி தூறல்தானே?" என்றான் விஜேந்திரன்.

"நீ தூங்குன. குழாய் தூங்காது."

"என் வாளி வெளியிலதான் இருந்துச்சு. மயிலோட கால்கூட நனையல."

"வாளி விஞ்ஞானக் கருவியா?" என்று கேட்டேன். என்ன இருந்தாலும் பதினொரு பேரை மண்ணில் விட்டு வந்த ஜனங்கள். சங்குச் சத்தம் கேட்ட பிறகு யாரும் ரொம்ப நேரம் விவாதித்துக்கொண்டு நிற்கவில்லை. புறப்பட்டார்கள். முப்பத்திரண்டு நீல வாளிகளும் வரிசையாக மேட்டில் ஏறின. ஆபத்திலும் மேல்வரிசைக்காரர்கள் முன்னால் போக வேண்டும் என்று சிறு தகராறு வந்தது. விஜேந்திரன் டீவியை முதுகில் கட்டிக்கொண்டு வந்தான். பெரியாயி ஒரு பித்தளைச் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள். அழகர் ஒரு தலையணையும் அரை றாத்தல் பாண் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தார்.

"முழங்கால் ஒண்ணுமே சொல்லல மாப்ள. இருந்தாலும் வர்றேன். வராட்டி நீங்க அழுதுருவீங்க."

மேட்டுப் பாடசாலை மண்டபத்தில் உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்கு வெயில் வந்தது. ஒன்பதரைக்கு வெயில் சுட்டது. பத்து மணிக்குப் பெண்கள் பாடசாலை வேலியில் துணி காயப்போட ஆரம்பித்தார்கள். நான் சன்னல் அருகில் நின்று எங்கள் குடியிருப்புக்கு மேலே இருந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை வரவில்லை. மனிதன் ஒரு மலை வர வேண்டும் என்று உள்ளூர விரும்பக் கூடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உடனே அந்த நினைப்பைத் துப்பிவிட்டேன்.

பத்தரைக்கு ஷிஹானா மிஸ் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். வரும் வழியிலேயே மழைமானியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தண்ணீரை நான் கொட்டாமல் ஓடி வந்திருந்தேன். அவள் கையில் மூன்று துளசி இலைகள்.

"ஐயா, இது எப்பிடி உள்ளுக்கு வந்தது?"

"கிழக்குக் காத்து, மிஸ். கடிதத்துல எழுதியிருந்தேனே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "யாராவது அந்தக் குழாய்க்குக் கிட்டப் போனீங்களா? ஒண்டும் செய்ய மாட்டேன். சும்மா சொல்லுங்க."

எல்லோருடைய கண்ணும் மெல்ல மெல்லப் பித்தளைச் செம்பில் வந்து நின்றது.

"நாந்தாம்மா ஊத்துனேன்" என்றாள் பெரியாயி. "குளிச்சிட்டுத்தான் ஊத்துனேன். செருப்பையும் கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"சாமிக்கு."

"எந்தச் சாமிக்கு?"

பெரியாயி என்னைக் கைகாட்டினாள். "அவரு தெனமும் கும்புடுற சாமிக்குத்தான். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, முட்டி போட்டு, கையெடுத்து எம்புட்டு நேரம் கும்புடுறாரு. அப்பறம் தீர்த்தத்த மண்ணுல விட்டுட்டுத் தொடைச்சு வைக்கிறாரு. அவரு படிச்சவரு. காரணம் இல்லாம செய்வாரா? ஞாயித்துக்கெழம என் மக யசோதினிக்குப் பரிசம் போட வாறாங்க. அன்னைக்கு மழ வரக் கூடாதுன்னு எட்டு வெள்ளிக்கு நேந்துக்கிட்டேன். ஏழு வெள்ளி ரெண்டு கை தண்ணி. கடைசி வெள்ளிக்கு நெற செம்பு."

அழகர் சொன்னார்:

"மழய நிப்பாட்டச் சொல்லி மழக் கொழாய்க்குத் தண்ணி ஊத்தியிருக்கு. மாப்ள, உங்க கொள்கைக்குள்ள இது வருதா?"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை. டீவியைச் சுமந்து வந்த விஜேந்திரன் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் படுத்துவிட்டான். ஷிஹானா மிஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஏதோ எழுதுகிற மாதிரி நோட்டுக்குள் குனிந்துகொண்டாள். துணி காயப்போட்டவர்கள் சன்னல் வழியே என்ன, என்ன என்று கேட்டுக் கேட்டு இரண்டாம் முறையும் சிரித்தார்கள். பெரியாயி மேல் எரிந்து விழ வாயைத் திறந்தேன். மடத்தனம், மூடநம்பிக்கை, படிக்காத சனம் என்று எல்லாச் சொற்களும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அவற்றைச் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். கருவி சரி, நான் சரி, பெரியாயிதான் பிழை. மிஸ்ஸும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

அப்போது விஜேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "சரி, இதோட முடிஞ்சிது. இனிமே அந்தச் சங்கு கேட்டா நான் போர்வைய இழுத்துப் போத்திக்குவேன்."

"அப்பிடிச் சொல்லாதீங்க. உண்மையா மழை வந்தா?" என்றாள் மிஸ்.

"உண்மையா வந்தா அழகர் மாமாவுக்கு முழங்கால் சொல்லும் மிஸ். அன்னைக்கும் சொல்லிச்சுதானே? தராசு மாமாவும் அன்னைக்குக் கொழாய் இல்லாமத்தான் வெடிப்பக் கண்டுபிடிச்சாரு. எங்களுக்கு அந்த முழங்காலும் அந்தக் கண்ணும் போதும். கொழாய நீங்களே கொண்டு போயிருங்க."

ஆமாம், ஆமாம் என்றார்கள் எல்லோரும். என்னைச் சமாதானப்படுத்துகிற தொனியில்தான் சொன்னார்கள். என் மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம்.

அந்தச் சமாதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. அடுத்த மழையில் இந்த முப்பத்திரண்டு வீட்டுச் சனமும் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அழகரின் முழங்காலுக்காகக் காத்திருக்கும். அதில் எலும்புதான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அழகருக்கும் தெரியும். அவரைப் பார்த்தேன். அவர் பாணை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெடிப்பு எதையும் பாக்கல" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை.

"மண்சரிவு அன்னைக்கு. வெடிப்பும் பாக்கல, தகவல் சொல்லவும் போகல. நானும் அழகர் மச்சானும் நமுனுகுல மலையோட உச்சிகள எண்ணுறதுக்காக மேல ரோட்டுக்குப் போனோம்."

"எண்ணுறதுக்கா?" என்றாள் மிஸ்.

சொன்னேன். அன்று பௌர்ணமி, போயா லீவு. காலைத் தேநீரில் வாக்குவாதம். நமுனுகுலவுக்கு ஒன்பது உச்சி என்றேன் நான்; சிங்களத்தில் பெயரே அப்படித்தான், பேப்பரிலும் படித்திருக்கிறேன். எட்டுதான், நான் எண்ணியிருக்கிறேன் என்றார் அழகர். படிக்காதவர் எண்ணினால் அப்படித்தான் என்றேன். பேப்பரில் மலை ஏறினவர் நீங்கள் என்றார் அவர். செவனம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "ரெண்டு பேரும் என் தலைக்கு மேல நின்னு சண்ட போடாதீங்க. ரோட்டுக்குப் போயி எண்ணிட்டு வாங்க. தோத்தவங்க வரும்போது ஒரு தேங்கா வாங்கிட்டு வரணும்." போனோம். மலை முழுக்க மூடுபனி. பனி விலகட்டும் என்று ரோட்டில் நின்றோம். நான்தான் ஜெயிப்பேன் என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர்தான் ஜெயிப்பார் என்று அவர் நின்றார். இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பின்னால் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

நான் பேசி முடித்ததும் எல்லோரும் அழகரைப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் முழங்கால் பிழைத்துக்கொள்ளும். மானம் போனவன் உளறுகிறான் என்று முடிந்துவிடும். அவர் பாணை மெல்ல எடுத்துத் தலையணை மேல் வைத்தார்.

"எட்டு" என்றார்.

"என்ன மாமா?" என்றான் விஜேந்திரன்.

"எட்டுதான் இருக்கு. இவரு ஒம்போதுன்னு சாதிச்சாரு. பேர்லயே ஒம்போது இருக்காம். எம் பேர்ல அழகு இருக்கு, நான் அழகா?"

"முழங்கால்?"

அழகர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மேட்டுல இவருக்கு முன்னாடி ஏறுனேன்" என்றார். பிறகு யாருக்கோ கணக்கு ஒப்புவிப்பது போலச் சொன்னார்: "தேங்கா இன்னும் வாங்கல."

பெரியாயிதான் கேட்டாள், செம்பைக் கீழே வைத்துவிட்டு. "அப்ப உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல."

"யாருக்குமே தெரியலையா?"

"யாருக்கும் தெரியல, பெரியாயி."

"இல்ல... எங்க வீட்டுக்காரருக்கு வெவரம் பத்தாததாலதான் மாட்டிக்கிட்டாருன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன். வெடிப்பு கண்ணுல படாத மனுசன்னு திட்டிக்கூட இருக்கேன்."

நான் முகாமில் சொன்ன ஒரு பொய்யின் மறுபாதி இந்தப் பெண்ணின் வீட்டில் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறது. நான் கெட்டிக்காரன் என்றால் செத்தவர்கள் மடையர்கள். என் வீட்டில் செத்தவளும்தான். அந்தக் கணக்கை நான் ஒருநாளும் முழுதாகப் போட்டுப் பார்க்கவில்லை. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

மிஸ் நோட்டை மூடிவிட்டு, யாருக்கும் தெரியாது என்பதற்காகத்தான் குழாய் என்று சொன்னாள். அதற்கு முழங்காலும் இல்லை, பேப்பரும் படிக்காது. தண்ணீர் வந்தால் காட்டும், அவ்வளவுதான். விஜேந்திரன் தலையைச் சொறிந்தான். "ஊத்துனாலும் காட்டும்" என்றான். ஆனால் சிரிக்கவில்லை. "சரி, பூட்டுப் போடுங்க. சங்கு கேட்டா வர்றோம்."

பூட்டு போட்டோம். செருப்புப் பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்து எரித்தேன். இனி ஒருவர் பார்த்தால் போதாது, இருவர் பார்த்து இருவரும் எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டாள். இரண்டாவது ஆளாக யார் என்று கேட்டபோது அழகர் கை தூக்கினார். "முழங்கால் வேலை போயிருச்சு. வேற வேல வேணும்ல" என்றார்.

பெரியாயிக்கும் ஒன்று கிடைத்தது. அலுவலகத்தில் விரிசல் விழுந்த பழைய மழைமானி ஒன்று கிடந்ததாம். மிஸ் அதைக் கொண்டுவந்து, ஊற்றுவதென்றால் இதில் ஊற்றுங்கள் அம்மா என்று கொடுத்தாள். அது இப்போது துளசிச் செடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குங்குமப் பொட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யசோதினியின் பரிசத்தன்று நல்ல மழை. நேர்த்திக்கடனைக் கிளறியதால்தான் என்று பெரியாயி இன்றைக்கும் சொல்கிறாள், நான் மறுப்பதில்லை.

மார்கழியில் உண்மையாகவே நூற்று ஐம்பதைத் தாண்டியது. சங்கை அழகர் சுற்றினார், மூச்சு வாங்கியபோது நான் சுற்றினேன். எல்லோரும் வந்தார்கள். விஜேந்திரன் சொன்ன சொல் தவறாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தான். போர்த்தியபடியே மேடேறி வந்துவிட்டான். இரண்டு நாள் மண்டபத்தில் இருந்தோம். மலை வரவில்லை. மலை வரவில்லை என்று இந்த முறை ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை, நானும் சன்னல் பக்கம் போய் நிற்கவில்லை.

இப்போது தினமும் எட்டரைக்கு இருவரும் போகிறோம். நான் வெள்ளைச் சட்டையை விட்டுவிட்டேன்; அழகர் வாங்கிவிட்டார். அவர் குனிந்து பார்ப்பார், நான் குனிந்து பார்ப்பேன். இரண்டு பத்தியில் எழுதுவோம். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான் ஒன்பது என்றால் அவர் எட்டு என்பார். வெட்டவெளியிலிருந்து நமுனுகுல தெரியும். மூடுபனி விலகியிருந்தால் இருவருமே அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்போம். எண்ணியதில்லை. எண்ணினால் யாராவது ஒருவர் தேங்காய் வாங்க வேண்டும். வாங்கி யாரிடம் கொடுப்பது?

கணக்கு ஒத்துவராததைப் பார்த்து ஷிஹானா மிஸ் போன வாரம் போனில் சொன்னாள். "ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதீங்க ஐயா. நான் சராசரி எடுத்துக்கொள்றேன்."

அழகர் என் கையை இழுத்துக் காதருகே கேட்டார். "சராசரின்னா என்ன மாப்ள?"

"ரெண்டு பேரும் பிழைன்னு அர்த்தம், மச்சான்."

அவர் சற்று யோசித்தார். "ஆனா நீங்க கொஞ்சம் கூடப் பிழை" என்றார்.